6 முதல் 8ஆம் வகுப்பு வரை வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் புவியியல் பாடத்திட்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் கூடும்போது கணக்கு, ஆங்கிலம், அறிவியல் எல்லாம் பேசி முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் "அப்புறம் இந்த ஜியாகிரபிக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தரப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

கணக்குக்கு சிலபஸ் வெச்சிருக்கோம், சரி. புவியியலுக்கும் தனியா ஒண்ணு வேணுமா? நாலு ஊர் சுத்தினா போதாதா?

ஊர் சுற்றுவது ரொம்ப அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. ஊட்டிக்குப் போய் வந்த பிள்ளைக்குக் குளிர் நினைவில் இருக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும், அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவருக்கு 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும். அளவை, கோணம், பருவம் போன்றவற்றைப் பிள்ளை உண்மையாகவே பிடித்துக்கொள்ளும் வயது இதுதான்.

பாடத்திட்டம் என்றதும் பெரிய பெட்டியில் வரும் தொகுப்பு என்று நினைக்க வேண்டாம். ஆதாரமாக ஒரு புத்தகம், நல்ல அட்லஸ் ஒன்று, உங்கள் சொந்த மாவட்டம். இந்த மூன்றும் இருந்தால் பாடத்திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். புத்தகம் எதுவாக இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். அட்லஸைத் திறக்காமல் நடத்தும் புவியியலைச் சமாளிக்கவே முடியாது.

சமச்சீரா, என்சிஇஆர்டியா? எதை எடுத்தா நல்லது?

தமிழ்நாடு அரசின் சமச்சீர்ப் புத்தகங்கள், மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்கள் இரண்டுமே இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் இரண்டையும் இறக்கி, பிள்ளையோடு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாடம் வாசித்துப் பாருங்கள்.

சமச்சீரின் பலம் கண்டங்கள். ஆறாம் வகுப்பில் ஆசியாவும் ஐரோப்பாவும், ஏழில் வட, தென் அமெரிக்காக்கள், எட்டில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா என்று மூன்று வருடத்தில் உலகை ஒரு சுற்று வந்துவிடலாம். பாறை, மண், நீர்ச்சுழற்சி, இயற்கை இடர் என்று இயற்கைப் புவியியல் பகுதியும் இருக்கிறது. ஏழிலும் எட்டிலும் வரைபடம் படிப்பதற்கென்றே தனிப் பாடம் உண்டு. பெரிய குறை ஒன்றுதான். தமிழ்நாட்டின் புவியியல் விரிவாக வருவது பத்தாம் வகுப்பில். அதுவரை காத்திருந்தால், பராகுவே பற்றித் தெரிந்த பிள்ளைக்குத் தாமிரபரணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும்.

என்சிஇஆர்டி 2024ல் ஆறாம் வகுப்புக்கும் 2025ல் ஏழு, எட்டுக்கும் புதிய சமூக அறிவியல் புத்தகங்களைக் கொண்டுவந்தது. முன்பு புவியியலுக்குத் தனிப் புத்தகம் இருந்தது. இப்போது வரலாறும் குடிமையியலும் அதோடு சேர்ந்து ஒரே நூலாகிவிட்டன. ஏழாம் வகுப்பில் வானிலை, இந்தியாவின் காலநிலைகள் பற்றி வரும் பாடங்கள் எனக்குப் பிடித்தவை. ஆனால் கண்டம் கண்டமாகப் போகும் வரிசை அதில் இல்லை. என் தேர்வு: சமச்சீரை ஆதாரமாக வைத்துக்கொண்டு, வானிலை வரும்போது மட்டும் என்சிஇஆர்டி பாடங்களைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது. வேறு மாநிலத்துக்கு அடிக்கடி மாற்றலாகும் குடும்பம் என்றால் இதைத் திருப்பிப் போடுங்கள்.

அமெரிக்காவுல இருந்து வர்ற ஹோம்ஸ்கூல் பேக்கேஜ் வாங்கலாமா? பார்க்க ரொம்ப அழகா இருக்கு.

அழகாகத்தான் இருக்கும். செய்முறைகளும் கதை சொல்லும் பாணியும் பல தொகுப்புகளில் மிக நன்றாக இருக்கின்றன. வாங்கும் முன் உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் பாருங்கள். 50 மாநிலங்களுக்கு எத்தனை வாரம், இந்தியாவுக்கு எத்தனை வாரம்? ஆசியா முழுவதும் ஒரே மாதத்தில் முடிகிறதா? தூரம் மைலிலும் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலும் இருக்கிறதா?

இதைவிட முக்கியமான சிக்கல் பருவங்கள். வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்ற நான்கை அந்தப் புத்தகங்கள் உலகப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகும். நம் பிள்ளை ஜன்னல் வழியே பார்ப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை. தஞ்சாவூரில் வருடம் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களாகத்தான் நகர்கிறது. தொகுப்பு வாங்கினால் அதைத் துணைப் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரப் புத்தகமாக வேண்டாம்.

எந்த அட்லஸ் வாங்கறது? அக்கா வீட்ல பழசு ஒண்ணு இருக்கு, அது போதுமா?

தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்து தென்காசி மாவட்டமும் மயிலாடுதுறை மாவட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது 38 மாவட்டங்கள். 32 மட்டும் இருந்தால் அது 2019க்கு முந்தைய அட்லஸ். அடுத்து இந்தியப் பக்கத்தில் லடாக் தனி யூனியன் பிரதேசமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அக்கா வீட்டு அட்லஸே போதும். இல்லையென்றாலும் அதைத் தூக்கிப்போடாதீர்கள். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து எது மாறியது, ஏன் மாறியது என்று தேடவிட்டால் அதுவே ஒரு நல்ல பாடம்.

புதிதாக வாங்குவதென்றால் இந்தியப் பள்ளிகளுக்கென்று வெளிவரும் அட்லஸ்கள் போதும். ஆக்ஸ்ஃபோர்டு, ஓரியன்ட் பிளாக்ஸ்வான் இரண்டும் எளிதாகக் கிடைக்கின்றன. பின்னட்டவணை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஊர்ப் பெயரைத் தேடி, அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கொண்டு பக்கத்தில் அந்த ஊரைப் பிடிக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திவிட வேண்டும்.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா? ரெண்டுலயும் படிச்சா குழம்பிடாதா?

பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் பாடம் இருக்கட்டும். கலைச்சொற்களை மட்டும் ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதி வாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் அந்த நோட்டு உதவும். இதனால் குழம்பிப்போன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் தொழிலையும் பறவையையும் பொழுதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் திணை வரும் வாரமே புவியியலில் நிலத்தோற்றங்களை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை திணை இருக்கிறது என்று கேட்டால் திருநெல்வேலிப் பிள்ளைக்கு மலையிலிருந்து தேரிக்காட்டை ஒட்டிய கடற்கரை வரை பேச விஷயம் கிடைக்கும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு முறை. மாதம் ஒரு முறை வெளியே போங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

நாடு, தலைநகரம், கொடி எல்லாம் மனப்பாடம் பண்ண வைக்கணுமா?

ஓரளவுக்கு வேண்டும். பெயரே தெரியாவிட்டால் செய்தி வாசிக்க முடியாது. கண்டங்கள், பெருங்கடல்கள், இந்திய மாநிலங்கள், தமிழ்நாட்டு மாவட்டங்கள், அண்டை நாடுகள் எல்லாம் மனதில் இருக்கட்டும். இதற்கு செடெரா போன்ற வரைபட விளையாட்டுகள் போதும், பாட நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கொடிகள் பிள்ளையின் விருப்பம்.

ஆனால் 195 தலைநகரம் ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் புவியியல் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தலைநகரம் ஏன் ஆற்றங்கரையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

உண்மையைச் சொல்றேன், எனக்கே அட்சரேகை தீர்க்கரேகை புரியாது. நான் எப்படிச் சொல்லித்தர்றது?

பிள்ளையோடு சேர்ந்து மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு மீட்டர் நீளக் குச்சியை நேராக நட்டு, நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரம் ஐந்து ஐந்து நிமிடத்துக்கு நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து வாருங்கள். மிகக் குட்டையான நிழல்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். அந்த நிழல் விழும் கோடு வடக்கு தெற்கு. மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23ஐ ஒட்டி இதைச் செய்தால் அந்தக் குட்டை நிழல் சென்னையில் சுமார் 23 சென்டிமீட்டர், மதுரையில் சுமார் 17 அல்லது 18. அளந்த நிழலையும் குச்சியையும் தாளில் சிறிதாக வரைந்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் 13 டிகிரி வரும். அட்லஸைத் திறந்தால் சென்னையின் அட்சரேகையும் அதுவே. டில்லியில் இருக்கும் மாமா வீட்டில் அதே நாளில் அளந்தால் நிழல் அரை மீட்டரைத் தாண்டும்.

தீர்க்கரேகையும் அதே குச்சியில் இருக்கிறது. மார்ச்சில் சென்னையில் நிழல் மிகக் குட்டையாவது கடிகாரம் 12 காட்டும்போது இல்லை, சுமார் 12.15க்கு. நம் கடிகாரம் உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூரை ஒட்டிச் செல்லும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது என்பது அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டி நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்குப் பக்கம் விழும். ஐரோப்பாவில் எழுதிய புத்தகத்தில் இது வராது. இதைப் பார்த்த பிள்ளைக்குக் கடகரேகை ஏன் வரைந்திருக்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வரைபடத்துல அந்த வளைஞ்சு வளைஞ்சு போற பழுப்புக் கோடுங்க... அதை எப்படிப் புரியவைக்கறது?

சம உயரக் கோடுகள். புத்தகம் மட்டும் வைத்துச் சொல்லித்தந்தால் நிச்சயம் புரியாது. ஒரு தட்டில் களிமண்ணால் மலை செய்யச் சொல்லுங்கள், ஒரு பக்கம் செங்குத்து, மறு பக்கம் சரிவு. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பில் குச்சியால் கோடு கீறுங்கள். இன்னொரு சென்டிமீட்டர், இன்னொரு கோடு. உச்சி வரை போனதும் தண்ணீரை வடித்துவிட்டு மேலே இருந்து நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியும் சரிவான பக்கத்தில் விலகியும் இருப்பதைப் பிள்ளையே சொல்லும்.

அதற்குப் பிறகுதான் டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சம உயரக் கோடுகளால் காட்டும் வரைபடத்தாள். மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களை அதன் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். நீலகிரித் தாளையும் தஞ்சைத் தாளையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றில் கோடுகளுக்கு நடுவே பென்சில் முனை வைக்க இடமிருக்காது, இன்னொன்றில் கோட்டைத் தேட வேண்டியிருக்கும். காவிரித் தண்ணீர் டெல்டாவில் ஏன் இத்தனை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

நீங்க சொன்ன "சொந்த மாவட்டம்" எந்தப் புத்தகத்துலயும் இல்லையே. அதை எப்படி நடத்தறது?

புத்தகமாக இல்லைதான், ஆனால் தினசரியில் இருக்கிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பிள்ளையிடம் ஒரு வரைபடத்தாள் கொடுத்து நீர்மட்டத்தை ஒரு வருடம் குறிக்கச் சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நீர்மட்டம் ஏறும்போது நம் ஊரில் மழை இருக்காது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அட்லஸில் காவிரியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் குடகு வரும், அங்கே தென்மேற்குப் பருவமழை. ஜூன் 12ல் பாசனத்துக்கு அணை திறப்பது என்ற வழக்கம், குறுவை, இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு என்று எல்லாம் அந்த ஒரே தாளிலிருந்து கிளம்பும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல புவியியல் பயிற்சி கிடையாது.

தேனிக்காரர்களுக்கு 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரை மலைக்குக் குறுக்கே கிழக்கே கொண்டுவரும் முல்லைப் பெரியாறு இருக்கிறது. கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல இடைவெளி. காற்று, ரயில், சாலை மூன்றும் அது வழியாகத்தான் வருகின்றன. அதே மாவட்டத்தில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறும் இருக்கிறது, மழைமறைவில் வறண்ட சமவெளியும் இருக்கிறது.

நாங்க சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கோம். மலையும் இல்ல, வயலும் இல்ல. எங்களுக்கு என்ன?

பரங்கிமலைக்குப் போங்கள். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அங்கேதான் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மேலே நின்று ஊரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மேலே சொன்ன டோப்போ ஷீட்டைத் திறந்தால் அந்தக் கதை பிள்ளைக்கு முழுதாகப் புரியும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் எந்தப் பகுதிகள் மூழ்கின என்று பெரியவர்களிடம் கேட்டு வரைபடத்தில் வண்ணம் தீட்டட்டும். அடையாறும் கூவமும் எங்கே ஓடுகின்றன, 2022ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம் எங்கே, வேளச்சேரி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கட்டும்.

யூட்யூப், கூகுள் எர்த் எல்லாம் இருக்கே. புத்தகம், அட்லஸ் எதுக்கு?

எரிமலை வெடிப்பதையும் பனியாறு நகர்வதையும் காட்ட வீடியோவுக்கு நிகர் இல்லை, தாராளமாகக் காட்டுங்கள். கூகுள் எர்த்திலும் இஸ்ரோவின் புவன் இணைய வரைபடத்திலும் உங்கள் தெருவையும் ஏரியையும் பார்க்கலாம். ஆனால் திரையில் பெரிதாக்கிக் கொண்டே போகும்போது அளவை என்ற எண்ணமே பிள்ளைக்கு மறைந்துபோகிறது. எது எதற்கு எவ்வளவு தூரம் என்று கண் பழகுவது தாளில்தான். முதலில் அட்லஸ், பிறகு திரை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

மேப்ல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு இருக்கு, பையன் நம்பவே மாட்டேங்கறான். எது நிஜம்?

ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று கெட்டே தீரும். மெர்கேட்டர் முறை திசையையும் கோணத்தையும் காப்பாற்றுகிறது, கப்பலோட்டிகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதற்கு விலையாகத் துருவங்களை நெருங்க நெருங்கப் பரப்பு ஊதிப்போகிறது. ஒரு சாத்துக்குடித் தோலைக் கிழியாமல் மேசையில் தட்டையாக்கச் சொல்லுங்கள், பையன் நம்பிவிடுவான். இதற்காகவே வீட்டில் ஒரு சின்ன உலக உருண்டை இருப்பது நல்லது.

வெளிநாட்டுப் புத்தகத்துல காஷ்மீர் வேற மாதிரி இருக்கு. பிள்ளைகிட்ட என்ன சொல்றது?

மறைக்க வேண்டாம். இந்தியாவின் அதிகாரபூர்வ எல்லை எது, கட்டுப்பாட்டுக் கோடு என்பது என்ன, சில நாடுகளின் புத்தகங்கள் ஏன் அதைப் புள்ளிக்கோடாகப் போடுகின்றன என்று நேராகச் சொல்லுங்கள். 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். எல்லைகளை மனிதர்கள்தான் வரைகிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் புவியியலின் ஒரு பகுதி.

அதே நேரம், சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். பிள்ளை வரைந்ததை எங்காவது பதிவேற்றுவது, போட்டிக்கு அனுப்புவது என்றால் நம் அட்லஸில் உள்ள எல்லையையே வரையச் சொல்லுங்கள். இந்தியத் தேர்வு எதுவானாலும் அதே எல்லைதான்.

பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 10. ரெண்டு பேருக்கும் தனித்தனியா நடத்தணுமா?

வேண்டாம். புவியியலில் வரிசை அவ்வளவு கறாரானது அல்ல. ஒரே கண்டத்தை இருவருக்கும் எடுங்கள். சின்னவன் ஆறுகளையும் மலைகளையும் வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த ஆற்றங்கரையில் ஏன் பாலைவனம், ஏன் இத்தனை மக்கள் என்பதைப் பெரியவள் எழுதட்டும். குச்சி நிழல், களிமண் மலை, மேட்டூர் தாள் மூன்றும் எந்த வயதுக்கும் பொருந்தும்.

பரீட்சையே வைக்கறதில்ல. கத்துக்கிட்டாளான்னு எப்படித் தெரியும்?

பார்த்திராத ஒரு நாட்டின் இயற்கை வரைபடத்தைப் பெயர்களை மறைத்துக் கொடுங்கள். மலை, ஆறு, கடற்கரை, அட்சரேகை மட்டும் தெரியட்டும். மழை எங்கே அதிகம் பெய்யும், பெரிய நகரம் எங்கே வந்திருக்கும், என்ன பயிர் விளையும் என்று ஊகித்துக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு உண்மையான பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். ஊகம் தப்பினாலும் காரணம் சரியாக இருந்தால் கற்றுக்கொண்டாள் என்று நிம்மதியாக இருக்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்து, தாள்களைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

பத்தாவது பரீட்சைக்கு இதெல்லாம் உதவுமா? எந்த போர்டுன்னே இன்னும் முடிவு பண்ணல.

போர்டு முடிவாகாததால்தான் 6 முதல் 8 வரை அடிப்படையில் நேரம் செலவிடச் சொல்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் போக நினைத்தால் எட்டாம் வகுப்புக்கே தனித்தேர்வு உண்டு, பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதலாம். அதில் இந்தியா, தமிழ்நாடு புவியியலும் வரைபடம் குறிக்கும் கேள்வியும் இருக்கின்றன. மேட்டூர் தாள் போட்ட பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயில் புவியியல் தனிப் பாடம். அங்கே டோப்போ ஷீட் படிக்கும் திறன் நேரடியாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. சமூக அறிவியலை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் சில குடும்பங்கள் ஆறாம் வகுப்பிலேயே புவியியலைக் கைவிட்டுவிடுகின்றன. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். தன் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள யாரும் தேர்வு வைக்காவிட்டாலும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வருஷ நடுவுல புத்தகம் பிடிக்கலன்னா மாத்தலாமா?

மாற்றலாம். எடுத்த கண்டத்தை அல்லது பாடத்தை முடித்துவிட்டு மாற்றுங்கள். அட்லஸையும் மாவட்டத் தாள்களையும் மட்டும் மாற்றாதீர்கள்.

என் பையனுக்குப் பார்வைக் குறைபாடு. வரைபடமே பார்க்க முடியாதே, அவனுக்கு எந்தப் பாடத்திட்டம்?

ஆதாரப் புத்தகம் மற்றப் பிள்ளைகளுக்குள்ளதே இருக்கலாம், வாசித்துக் காட்டுங்கள் அல்லது ஒலி வடிவில் கொடுங்கள். அட்லஸுக்கு, கொல்கத்தாவில் உள்ள நாட்மோ என்ற தேசிய வரைபட நிறுவனம் 2017ல் இந்தியாவுக்கான பிரெயில் அட்லஸை வெளியிட்டது. அதைக் கேட்டு வாங்கப் பாருங்கள். களிமண் மலை விரலுக்கு நன்றாகவே பேசும், கோடுகளைக் கொஞ்சம் ஆழமாகக் கீறினால் போதும். தமிழ்நாட்டு வரைபடத்தை அட்டையில் ஒட்டி, எல்லைக்குத் தடித்த நூல், ஆறுகளுக்கு மெல்லிய நூல், மலைக்கு உப்புத்தாள் என்று ஒட்டித் தாருங்கள். நிழல் குச்சிக்குப் பதிலாகக் காலை, நண்பகல், மாலையில் வெயில் முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று மாதா மாதம் அவனே சொல்லி, நீங்கள் குறித்து வாருங்கள். மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்டு ஒரு பலகையில் குண்டூசி குத்திக்கொண்டே போனால், வருட முடிவில் அந்த ஏற்ற இறக்கத்தை அவன் விரலாலேயே படித்துவிடுவான்.